"கையெழுத்து மட்டும் போதும் மேடம்"

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் இளநிலைப் படிப்பில் சேருவது பற்றித் தங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடன், விசா, எஸ்.ஏ.டி. தேர்வு எல்லாம் விளக்கமாக இருந்தன. பள்ளி ஆசிரியர் தரவேண்டிய சிபாரிசுக் கடிதத்துக்கு மட்டும் ஒரே ஒரு வரி. நான் டெல்லியில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகள் பலருடைய விண்ணப்பம் அந்த ஒரு வரி விஷயத்தில்தான் சொதப்புகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

அக்டோபர் பிறந்தால் போதும், ஸ்டாஃப் ரூம் வாசலில் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். கையில் டைப் அடித்த தாள். "கையெழுத்து மட்டும் போதும் மேடம், மீதியை நானே பார்த்துக்கொள்கிறேன்." சில தாள்கள் அப்பா எழுதியவை, சில, கன்சல்டன்ட் காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தவை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். "நீயே எழுதிக்கொண்டு வா, சார் கையெழுத்துப் போடுவார்" என்று பள்ளியிலேயே சொல்லி அனுப்பினால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

பல கல்லூரிகளுக்கு காமன் ஆப் என்ற பொது விண்ணப்பம் வழியாகப் போகலாம். ஆசிரியரின் பெயரைச் சேர்க்கும் முன் அது மாணவரிடம் ஒன்று கேட்கும்: இந்தக் கடிதத்தைப் பின்னால் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா? 1974-ல் வந்த ஃபெர்பா என்ற அமெரிக்கச் சட்டம் தரும் உரிமை அது. கட்டாயமில்லை என்றாலும் அநேகமாக எல்லாரும் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். கடிதம் ஒளிவுமறைவில்லாமல் எழுதப்பட்டது என்று கல்லூரி நம்புவதற்காக. பார்க்கவே மாட்டேன் என்று ஒப்புக்கொண்ட கடிதத்தைப் பிள்ளையே உட்கார்ந்து எழுதுகிறது! இதில் வேடிக்கை என்னவென்றால், கன்சல்டன்ட் எழுதிய கடிதம் நன்றாகவும் இருப்பதில்லை. போன வருடம் என்னிடம் வந்த தாள்களில் எல்லாருமே பிறவித் தலைவர்கள், எல்லாருமே அயராத உழைப்பாளிகள். பெயரை மாற்றி ஒட்டினால் யாருக்கும் பொருந்தும்.

அந்த வரிசையில் ஒரு பையன் நின்றான். மயூர் விஹாரிலிருந்து வருகிறவன். அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. அவன் கொண்டுவந்த தாளில் இல்லாத ஒன்று எனக்குத் தெரியும். குவிலென்சின் குவியத் தூரம் கண்டுபிடிக்கும் செய்முறை வகுப்பு. லென்ஸ் உறையில் 15 செ.மீ. என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டால் வகுப்பு முழுக்க விடை 15 வந்துவிடும். ரீடிங்கைப் பின்னாலிருந்து முன்னால் எழுதுவதில் நம் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. இவன் நோட்டில் மட்டும் பதினான்கு சொச்சம். அடித்துத் திருத்தவும் இல்லை. பள்ளி விட்ட பிறகு, ஸ்வெட்டர் பின்னும் ஊசியை லென்சுக்கும் குண்டூசிக்கும் நடுவில் வைத்து அளந்துபார்த்து, ஸ்கேல் காட்டும் தூரத்துக்கும் நிஜமான தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தான் கணக்கில் எடுக்காததைக் கண்டுபிடித்துச் சொன்னான். அவனுடைய தாளை வாங்கி மேஜை டிராயரில் போட்டுவிட்டு, இந்த ஒரு மாலை நேரத்தைத்தான் நான் கடிதமாக எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை.

கடிதத்தோடு ஒரு கட்டம் போட்ட படிவமும் வரும். அறிவுத் திறன், எழுத்து, அடுத்தவர் மேல் அக்கறை, சறுக்கியபோது எப்படி எடுத்துக்கொள்கிறான் என்று வரிசையாகக் கேட்டு, சராசரிக்குக் கீழே என்பதிலிருந்து "என் பணிக்காலத்தில் பார்த்த மிகச் சிலரில் ஒருவர்" என்பதுவரை டிக் அடிக்கச் சொல்வார்கள். நம்மவர்கள் கை தாராளம், கடைசிக் கட்டத்திலேயே மேலிருந்து கீழாக ஒரே கோடு. ஒரே வருடத்தில் ஐந்து பேருக்கு இப்படிப் போட்டால் படிக்கிறவருக்குச் சிரிப்பு வராதா? தெரியாததைத் தெரியாது என்று போடவும் அதில் ஒரு கட்டம் உண்டு. அதைப் பயன்படுத்தினால்தான் மற்ற டிக்குகளுக்கு மதிப்பு.

இதற்கு இவ்வளவு அலட்டல் எதற்கு என்று கேட்கலாம். கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகமான யு.சி. பெரும்பாலும் சிபாரிசுக் கடிதமே கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் அங்கே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவித்தொகை கிடையாது. குமாஸ்தா வீட்டுப் பிள்ளை நம்பிப் போகக்கூடிய இடங்கள் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் மாதிரிக் கொஞ்சம்தான். பண வசதியைப் பார்க்காமல் இடம் கொடுத்து, தேவைப்படும் முழு உதவியும் தருகிற இடங்கள் அவை. அங்கே வந்து குவியும் விண்ணப்பங்களில் 95 மார்க்குக்குப் பஞ்சமே இல்லை. அப்புறம் எதை வைத்துத்தான் பிரித்துப் பார்ப்பார்கள்?

தமிழாசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. எம்.ஐ.டி. இரண்டு கடிதம் கேட்கிறது: ஒன்று கணக்கு அல்லது அறிவியல் ஆசிரியரிடமிருந்து, இன்னொன்று மொழியோ சமூக அறிவியலோ நடத்துகிறவரிடமிருந்து. தமிழ் வகுப்பில் வாய் ஓயாமல் வாதாடுகிற பெண்ணைப் பற்றித் தமிழாசிரியை எழுதினால் என்ன? ஆங்கிலத்தில் எழுதவேண்டுமே என்று தயங்க வேண்டாம். பக்கத்து மேஜை ஆங்கில ஆசிரியர் உதவமாட்டாரா?

பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான்: அக்டோபரில் வராதீர்கள். முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பொதுவாக நவம்பர் 1 கடைசி நாள், மற்றவற்றில் பல ஜனவரி தொடக்கத்தில். எங்களுக்கோ அப்போது விடைத்தாள் கட்டு, பிரீ-போர்டு என்ற பொதுத்தேர்வு ஒத்திகை, புகைமூட்டத்துக்கு விடுமுறை விட்டால் ஆன்லைன் வகுப்பு வேறு. மே மாதக் கோடை விடுமுறைக்கு முன்பே கேட்டு வையுங்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் பட்டியல் கேட்பார்கள், அதையும் ஆபீசில் அப்போதே சொல்லி வையுங்கள். தலைமை ஆசிரியர்களுக்கு: மேற்படிப்புக்கு வழிகாட்டும் கவுன்சிலர் இல்லாத பள்ளியில், அவர் தரவேண்டிய படிவமும் உங்கள் தலையில்தான் விழும். ஆசிரியர்களுக்குப் பள்ளியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி ஏற்பாடு செய்து கொடுத்தால், கடிதம் யார் எழுதியது என்று கல்லூரிக்கு வரும் சந்தேகம் பாதி குறையும்.

காமன் ஆப்பின் புது வருட விண்ணப்பம் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். ஜூலையில் ஒரு சனிக்கிழமை, ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்தில், ஆசிரியர்களுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒரு பயிற்சி வைக்க முடியுமா? சங்கம் இடம் கொடுத்தால் அந்தக் கட்டம் போட்ட படிவத்தை வைத்துக்கொண்டு நடத்த நான் தயார். டீ, சமோசா செலவும் என்னுடையது.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியை,
டெல்லி.