விஆர் ஹெட்செட்டை விற்கும் முன் அணிந்து பார்க்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சியில் விளையாட உதவும் கன்சோல் என்ற இயந்திரத்துடன் இணைத்து, கண்களை மூடித் தலையில் மாட்டிக்கொண்டு, காட்சிக்குள்ளேயே இருப்பது போல விளையாடும் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்டைப் பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். திரையின் துல்லியம், கட்டுப்பாட்டுக் கருவிகள், விலை ஆகியவற்றை விரிவாகச் சொன்ன அக்கட்டுரை, அதைத் தலையில் மாட்டிக்கொள்ளப் போகிறவரின் உடம்பைப் பற்றி ஒரே வரியில் முடித்துக்கொண்டது. பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்காக ஓராண்டாக இக்கருவிகளைப் பற்றி விசாரித்தும் படித்தும் சிலவற்றை அணிந்து பார்த்தும் வருகிறேன். அந்த ஒரு வரிக்குள் அடங்காத செய்திகள் உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் நிறைகளைச் சொல்ல வேண்டும். அவை விளம்பரத்துக்காகச் சொல்லப்படுபவை அல்ல. சோனி நிறுவனம் தன் பிளேஸ்டேஷன் கன்சோலுக்காக 2016 அக்டோபரில் வெளியிட்ட முதல் ஹெட்செட்டான பிளேஸ்டேஷன் விஆர் ஒரு கண்ணுக்கு 960-க்கு 1080 புள்ளிகளையே காட்டியது. 2023 பிப்ரவரி 22 அன்று வந்த இரண்டாவது கருவி ஒரு கண்ணுக்கு 2000-க்கு 2040 புள்ளிகளைக் காட்டுகிறது. அதாவது ஏறக்குறைய நான்கு மடங்கு. இந்தப் பாய்ச்சலுக்குத் திரை மட்டும் காரணம் அல்ல. நாம் எதைப் பார்த்தாலும் பார்வையின் நடுப்பகுதி மட்டுமே கூர்மையாகத் தெரியும், ஓரங்கள் மங்கலாகவே இருக்கும். புதிய ஹெட்செட்டின் உள்ளே இருக்கும் சிறு கேமராக்கள் கருவிழி எங்கே பார்க்கிறது என்பதைக் கவனித்துச் சொல்ல, கன்சோல் அந்த இடத்தை மட்டும் முழுத் துல்லியத்துடன் வரைந்து மற்றவற்றை எளிமையாக வரைந்துவிடுகிறது. இருக்கும் சக்தியை வீணாக்காமல் வேண்டிய இடத்தில் செலவிடும் இந்தச் சிக்கனத்தைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வியப்பு உண்டாயிற்று.

கணினியில் இயங்கும் ஹெட்செட்டுகளோடு ஒப்பிட்டால் கன்சோலுக்கு வேறொரு பெரிய வசதியும் உண்டு. கணினி என்றால் எந்தக் கிராபிக்ஸ் கார்டு, எவ்வளவு நினைவகம், எந்த மென்பொருள் என்று வாங்குபவரே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். கன்சோலிலோ எல்லார் வீட்டிலும் இருப்பது அநேகமாக ஒரே இயந்திரம் என்பதால், விளையாட்டை உருவாக்குபவர் அதற்கென்றே செதுக்கிச் செதுக்கி எழுத முடிகிறது. முதல் கருவியில் தொலைக்காட்சிக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவே தனிப் பெட்டி ஒன்று, அதற்கு மின்சாரம், தனியே ஒரு கேமரா, இவற்றுக்கிடையே ஒரு கட்டு ஒயர் என்றிருந்த நிலை மாறி, இப்போது நாலரை மீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு கேபிளைச் செருகினால் போதும். கிரான் டூரிஸ்மோ 7 போன்ற கார் பந்தய விளையாட்டில் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தவாறு தலையைத் திருப்பிப் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதும், முன்னே போகும் வண்டி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கண்ணாலேயே அளப்பதும் தட்டைத் திரையில் கிடைக்காத அனுபவம்.

இனி உடம்புக்கு வருகிறேன். கொடைக்கானல் மலைப்பாதையில் பேருந்தில் போனவர்களுக்குக் கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே போகும் பழக்கம் தெரியும். வண்டிக்குள் கண் பார்ப்பது அசையாத முன்னிருக்கையை. காதினுள் இருக்கும் சமநிலை உறுப்போ வளைவுக்கு வளைவு உடல் சாய்வதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது குமட்டல் வருகிறது. விஆர் ஹெட்செட்டில் நடப்பது இதன் தலைகீழ். கண் ஓடுகிறது, காது அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. உறவினர் ஒருவர் வீட்டில் நான் முதன்முறை ஒரு ஹெட்செட்டை அணிந்து, காட்டுக்குள் நடந்து திரியும் விளையாட்டு ஒன்றைத் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நெற்றியில் வியர்த்து, வயிற்றைப் புரட்டி, கழற்றி வைத்த பிறகும் இரவு வரை தரை ஆடுவது போலவே இருந்தது. அது எந்தக் கருவியானாலும் நேர்ந்திருக்கும் என்பதால் பெயரைச் சொல்லவில்லை. அதே கருவியை அதே நாளில் என் மகன் ஒரு மணி நேரம் அணிந்திருந்தும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த உபாதையைக் குறைக்க விளையாட்டுகளை உருவாக்குவோர் வழி தேடாமல் இல்லை. நடப்பதற்குப் பதிலாக ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவச் செய்வது, திரும்பும்போது பார்வையின் ஓரங்களை இருட்டாக்குவது, விநாடிக்குக் காட்டும் காட்சிகளின் எண்ணிக்கையைக் குறையவிடாமல் காப்பது என்று பல முறைகள் உள்ளன. நொடிக்கு 60 காட்சிகளுக்குக் கீழே போகும் விளையாட்டை ஏற்க மாட்டோம் என்று முதல் கருவியின் காலத்திலேயே சோனி உறுதியாக இருந்தது. ஆனாலும் ஆளுக்கு ஆள் வேறுபடும் இந்த ஒவ்வாமையை எந்த விவரப் பட்டியலும் முன்கூட்டிச் சொல்லிவிடாது. அணிந்து பார்த்தால்தான் தெரியும்.

வயது பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பிளேஸ்டேஷன் விஆரை 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் பயன்படுத்தக் கூடாது என்று அதைச் செய்த நிறுவனமே சொல்கிறது. மெட்டா நிறுவனம் தன் குவெஸ்ட் என்ற விஆர் ஹெட்செட்டுகளுக்கு வைத்திருந்த 13 வயது என்ற வரம்பை 2023-இல் 10 ஆகக் குறைத்தது. அப்படிக் குறைத்த பிறகும் 10 என்பது 10தான். ஆனால் ஒரு வணிக வளாகத்தில் ஆறேழு வயதுக் குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு ஹெட்செட்டை மாட்டிவிடுவதை நான் நேரில் பார்த்தேன். பெரியவர்களின் முகத்துக்கும் கண்களின் இடைவெளிக்கும் செய்யப்பட்ட லென்ஸ்களை ஒரு பிஞ்சு முகத்தில் கட்டுவதைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. வயதைச் சொல்லும் அறிவிப்புப் பலகையும் கண்ணில் படவில்லை. அழுதுகொண்டே கழற்றிய ஒரு குழந்தையைப் பயந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தார்கள். அது பயமா தலைசுற்றலா என்று அந்தக் குழந்தைக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்குள் எழும் சிறு சிறு இடைஞ்சல்களும் உண்டு. நடமாடி விளையாட இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் வெற்றிடம் வேண்டும். கட்டில், பீரோ, தொலைக்காட்சி மேசை போக அவ்வளவு இடம் மிஞ்சும் கூடம் எத்தனை வீடுகளில் இருக்கிறது? மே மாதப் புழுக்கத்தில், உள்ளே சிறு விசிறி இருந்தாலும்கூட, முகத்தின் வியர்வையில் லென்ஸ் மங்கிவிடுகிறது. விளையாடி முடித்துச் சன்னல் ஓரம் வைத்துவிட்டால், லென்ஸ் வழியே குவியும் வெயில் உள்ளே இருக்கும் திரையைப் பொசுக்கிவிடக்கூடும் என்பதைப் பலரும் அறிந்திருப்பதில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, எனக்கு மனம் ஆறாத விஷயம் ஒன்றுதான். முதல் ஹெட்செட்டுக்காக வாங்கிய விளையாட்டுகள் இரண்டாவதில் இயங்குவதில்லை. முதலாவது, ஹெட்செட்டில் எரியும் விளக்குகளை வெளியே வைத்த கேமராவால் பார்த்து இயங்கியது. இரண்டாவது தன் மேல் பதித்த கேமராக்களால் அறையைப் பார்த்து இயங்குகிறது. எனவே பழைய விளையாட்டை மீண்டும் உழைத்துத் திருத்தினால்தான் உண்டு. 2018-இல் வந்து பெரிதும் பாராட்டப்பட்ட ஆஸ்ட்ரோ பாட் ரெஸ்க்யூ மிஷன் என்ற விளையாட்டு இன்றும் பழைய கருவியோடுதான் நிற்கிறது. 2019 முடிவில் பிளேஸ்டேஷன் 4 கன்சோல்கள் 10 கோடியே 60 லட்சம் விற்றிருக்க, ஹெட்செட் 50 லட்சத்தைத் தாண்டியிருந்தது என்று சோனி அறிவித்தது. கன்சோல் வைத்திருப்பவரில் நூற்றுக்கு ஐந்து பேருக்காகப் பெருஞ்செலவில் விளையாட்டு செய்ய எந்த நிறுவனமும் தயங்கத்தான் செய்யும். அந்தத் தயக்கத்தின் விலையை வாங்கியவர் கொடுக்கிறார். இரண்டாவது கருவி 550 டாலருக்கு வந்தபோது அது இணையும் கன்சோலை விடவும் விலை கூடுதலாக இருந்தது. 2025 மார்ச்சில்தான் 400 டாலருக்கு இறங்கியது. 2024 ஆகஸ்டில் வந்த இணைப்பானைக் கொண்டு கணினியிலும் பயன்படுத்தலாம் என்பது ஆறுதல்தான் என்றாலும், நான் மேலே வியந்து சொன்ன கருவிழி கவனிக்கும் வசதி அங்கே வேலை செய்யாது.

இத்தனையும் தெரிந்த பிறகும் என் மகனுக்கு ஒன்று வாங்கவே நினைக்கிறேன், ஏனெனில் அவன் உடம்புக்கு அது ஒத்துக்கொள்கிறது என்று அணிந்து பார்த்து அறிந்துகொண்டோம். அந்த வாய்ப்பு ஓர் உறவினர் வீட்டில் கிடைத்ததே தவிரக் கடையில் கிடைக்கவில்லை. நான் போன கடையில், உறையைப் பிரித்தால் திருப்பி வாங்க மாட்டோம் என்றார்கள். பார்வைக்கு வைத்திருந்த கருவியும் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. சட்டை வாங்கும்போது போட்டுப் பார்க்க அறை தருகிறவர்கள், பல்லாயிரம் ரூபாய்ப் பொருளைத் தலையில் வைத்துப் பார்க்க அரை மணி நேரமும் ஒரு நாற்காலியும் தரலாகாதா? விற்பனையாளர்கள் ஒவ்வொரு கிளையிலும் ஒரு ஹெட்செட்டையாவது அணிந்து பார்க்க வைக்க வேண்டும். வயது வரம்பைத் தமிழில், விலைச் சீட்டின் அளவுக்கே பெரிதாக எழுத வேண்டும். காசு வாங்கி விஆர் காட்டும் வணிக வளாகங்களும் அதே வரம்பைக் கடைப்பிடிக்க வேண்டும். தங்கள் தொழில்நுட்பப் பக்கமும் அடுத்த முறை இத்தகைய கருவியை மதிப்பிடும்போது, குறைந்தது நாலைந்து பேரை அணியச் செய்து, யாருக்கு எத்தனையாவது நிமிடத்தில் தலை சுற்றியது என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
மதுரை.