முழங்காலும் மூன்று டிகிரியும்

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதமும் எக்ஸ்ரே படமும் வந்து சேர்ந்தன. முழங்காலில் செயற்கை மூட்டு வைத்த பிறகு வாக்கர் இல்லாமல் கூடம்வரை நடக்கிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ‘நான்கு டிகிரி வேரஸ்’ (முழங்காலின் வெளிப்பக்க வளைவு) என்று ரிப்போர்ட்டில் கண்டதற்காக நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வானேன்? ஓய்வு பெறும்வரை எக்ஸ்ரே அறையில் காலம் தள்ளியவன் சொல்கிறேன், கேள்.

இடுப்பு மூட்டுப் பந்தின் மையத்திலிருந்து முழங்கால் மையத்துக்கு ஒரு கோடு, அங்கிருந்து கணுக்கால் மையத்துக்கு இன்னொன்று. இரண்டும் 180 டிகிரியில் சேர்ந்தால் கால் நேர். உனக்கு 176, அதாவது முழங்கால் வெளிப்பக்கம் சற்று வளைந்திருக்கிறது என்கிறார்கள்.

ஆனால் படத்தைப் பார். தொடையெலும்பின் மேல்பகுதியில், உள்பக்கம் ஒரு சின்ன எலும்பு மேடு இருக்கிறதல்லவா? அது நன்றாகப் புடைத்துத் தெரிகிறது. கீழே, சிறிய காலெலும்பின் தலை பெரிய எலும்புக்குப் பின்னால் பாதி மறைந்து கிடக்கிறது. கால் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால்தான் இப்படி விழும். அதோடு உனக்கு இன்னும் முழங்கால் முழுதாக நீளவில்லை. மடங்கிய முழங்கால் முன்னால் துருத்தும். காலைத் திருப்பி நின்றால் அந்தத் துருத்தல் படத்தில் பக்கவாட்டு வளைவாகிவிடும். படம் எடுத்தவர் உன் பாதத்தைப் பார்த்து நிறுத்தியிருப்பார். பார்க்க வேண்டியது முழங்கால் சில்லை. அது நேர் முன்னால் இருந்தால் பாதம் எப்படியும் இருக்கட்டும்.

செயற்கை மூட்டு வைத்த கால், நேர்கோட்டிலிருந்து மூன்று டிகிரிக்கு மேல் விலகக் கூடாது என்பதும் வேதவாக்கு அல்ல. 1991இல் இங்கிலாந்தில் வந்த ஆய்வில், அந்த எல்லைக்குள் இருந்த செயற்கை மூட்டுகளில் 3 சதவீதமும் தாண்டியவற்றில் 24 சதவீதமும் தளர்ந்தன. 2010இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 398 மூட்டுகளைப் பதினைந்து ஆண்டுக் கணக்கில் பார்த்தபோது, எல்லைக்குள் இருந்தவை கூடுதலாக உழைத்ததாகத் தெரியவில்லை. பெல்ஜியத்தில் நோயில்லாத இளைஞர்களை அளந்தால், ஆண்களில் 32 சதவீதம் பேருக்கு இயல்பாகவே மூன்று டிகிரியோ அதற்கு மேலோ வெளிப்பக்க வளைவு! பள்ளியில் கால்பந்து ஆடும்போது உன் கால்களுக்கு நடுவே எத்தனை பந்து போயிருக்கிறது?

அதற்காக அலட்சியமாகவும் இருக்காதே. முழங்கால் நன்றாக நீண்ட பிறகு, இடுப்பு முதல் கணுக்கால்வரை நின்றபடி இன்னொரு படம் தேவையா என்று உன் டாக்டரிடம் கேள். அறுவைக்கு முன் எடுத்த படத்தையும் கையோடு கொண்டு போ. அதுவரை குதிகாலின் கீழ் துண்டைச் சுருட்டி வைத்து நீட்டும் பயிற்சியை விடாதே.

பேத்திக்கு ஆவணியில் காதுகுத்து. நீ படியேற வேண்டாம், கீழ் அறையை ஒழித்து வைக்கிறேன்.

அன்புடன்,
வேலாயுதம்