12.6

அன்புள்ள சேகர்,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமலே பொங்கல் போய்ச் சித்திரையும் வந்துவிட்டது. திட்டுவதை மொத்தமாகத் திட்டிவிட்டு அப்புறம் மேலே படி. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகக் குண்டன் சொன்னான், சந்தோஷம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை டிராக் ரேஸில், நின்ற இடத்திலிருந்து கிளம்பி, என் லைட்னிங் பிக்கப் வண்டி கால் மைலை 12.6 விநாடியில் ஓடிவிட்டது!

"சாமான் ஏற்றுகிற வண்டியில் ரேஸா?" என்று சிரித்தவன்தானே நீ. 2003 ஃபோர்டு எஃப்-150 தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே 5.4 லிட்டர் வி8, அதன் தலையில் சூப்பர்சார்ஜர். கம்பெனியிலிருந்து வரும்போதே 380 குதிரைசக்தி. எடையும் இரண்டு டன்னுக்கு மேல். வாங்கிய புதிதில் 13.9 ஓடியது.

சக்தியைக் கூட்டுவது பெரிய வித்தை இல்லை. சூப்பர்சார்ஜரைச் சுற்றுவது பெல்ட். அதன் புல்லியைச் சின்னதாக்கினால் இன்னும் வேகமாகச் சுற்றிக் காற்றை அழுத்தித் திணிக்கும். காற்றழுத்தம் 8 பி.எஸ்.ஐ. இருந்தது 12 ஆனது. அதற்கேற்ப பெட்ரோலையும் ஸ்பார்க் விழும் டைமிங்கையும் லாப்டாப்பில் மாற்றினோம். காற்று சூடானால் பெட்ரோல் தாறுமாறாக வெடித்து நாக்கிங் வரும் என்று, அந்தக் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர் தண்ணீரில் ஐஸ் கட்டி வேறு. இத்தனைக்கும் கிடைத்தது 13.4. பச்சை விளக்கு எரிந்ததும் பின் டயர் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை விட்டால் வேறென்ன கிடைக்கும்?

இரும்பு எஞ்சின் முழுக்க முன்னால், பின்னால் காலித் தொட்டி. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின் ஆக்ஸிலை மூடியிருக்கும் ஹவுசிங் எதிர்ப்பக்கம் திருகுகிறது. லீஃப் ஸ்பிரிங் பாம்பு மாதிரி வளைந்து, பட்டென்று விடுபடுகிறது. மறுபடி வளைகிறது. வண்டி குதிக்கிறதே தவிர நகர்வதில்லை. நீ அன்றைக்கு மணியக்காரர் வீட்டு டிராக்டரைக் கிளப்பினாயே, அதேதான்.

பின்னால் பாரம் இல்லையென்றால் நாலு அரிசி மூட்டை போட்டுக்கொண்டு போங்களேன் என்றாள் மீனா. கிண்டலாகத்தான் சொன்னாள், ஆனால் யோசனை தப்பில்லை. என்ன, நூறு பவுண்டு எடை ஏறினால் ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடி போய்விடும். போதாததற்கு மூட்டை, மணல், கல் எதுவும் ஆகாது, போல்ட் போட்டு இறுக்கிய எடைதான் என்பது விதி. எனவே ஹவுசிங் திருகாதபடி டிராக்ஷன் பார் போட்டேன். மெத்தென்ற டிராக் ரேடியல் டயர் மாட்டி, காற்றைக் குறைத்தேன். பின் ஆக்ஸிலில் இருக்கும் கிரவுன்-பினியன் பல்சக்கர விகிதத்தை 3.73-லிருந்து 4.10 ஆக்கினேன். இந்த முறை எஞ்சினைத் தொடவே இல்லை. முதல் அறுபது அடிக்கு 2.2 விநாடி ஆனது 1.8-க்கு வந்தது. அங்கே மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு துளியும் கடைசியில் ஒன்றரை மடங்காகத் திரும்பி வருகிறது.

ஓடுவது டல்லாஸுக்குத் தெற்கே எனிஸ் ஊரில், டெக்சாஸ் மோட்டார்ப்ளெக்ஸில். 1986-ல் கட்டியது, கால் மைல் முழுக்க கான்கிரீட். 1988-ல் எடி ஹில் என்ற ரேஸர் 4.990 ஓடி, முதல்முறையாக ஐந்து விநாடிக்குள் வந்தது இதே இடத்தில்தான். சோழவரம் ரேஸ் மைதானத்து வெயிலில் காய்ந்த நமக்கு இதெல்லாம் அரண்மனை.

பிராக்கெட் ரேஸ் என்று ஒன்று உண்டு, கேள். இத்தனை விநாடியில் ஓடுவேன் என்று நீயே கண்ணாடியில் எழுதிவிட வேண்டும். மெதுவான வண்டிக்கு முதலில் பச்சை விளக்கு எரியும். எழுதியதைவிட வேகமாக வந்தால் தோற்றாய்! நம் வாத்தியார் இருந்திருந்தால் கணக்கு நோட்டோடு வந்து உட்கார்ந்திருப்பார்.

ஆம்புலன்ஸ் வந்து நிற்காமல் ஒரு வண்டியைக்கூட விடமாட்டார்கள். 13.99 விநாடியில் ஓடினாலே ஹெல்மெட் கட்டாயம். அதை மாட்டும்போதெல்லாம் எனக்கு ராஜுவும் அவினாசி ரோடும்தான். அதைப் பற்றி மேலே எழுத வரவில்லை.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. இன்னும் சின்ன புல்லி போட்டால் 12 விநாடிக்குக் கீழே எட்டிப் பார்க்கலாம் என்று கை பரபரக்கிறது. ஆனால் இந்த எஞ்சினில் முதலில் கைவிடுவது பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு என்றுதான் இந்த வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். பிளாக்கில் ஓட்டையோடு கொக்கி வண்டியில் ஏறிப் போனவரை நானே பார்த்தேன். ஃபோர்ஜ் செய்த ராடும் பிஸ்டனும் போட்டால் தாங்கும், ஆனால் எஞ்சினை முழுக்கப் பிரிக்க வேண்டும். செலவைச் சொன்னால் மீனா என்னைப் பிரித்துவிடுவாள். அதற்குமேல் 11.49-க்குக் கீழே போனால், வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் ரோல் பாரும் கட்டாயம்.

நீ என்ன சொல்கிறாய்? உன் லேத்துக்கு உடைந்த ராடு எத்தனை வந்திருக்கும்! எந்த இடத்தில் உடைகிறது, ராடு தண்டிலா, போல்ட்டிலா, அதை மட்டுமாவது எழுது. போனில் வேண்டாம், போனில் நீ திட்டுவதோடு சரி.

உன்,
பாலு