பால்நாளத்தின் காவல்

ஆசிரியருக்கு,

மார்பகப் புற்றுநோய் பற்றிய உங்கள் கட்டுரை முழுக்கக் கட்டியைப் பற்றியே பேசுகிறது. அதைச் சுற்றி நிற்கும் செல்களுக்கு ஒரு வரிகூட இல்லை!

ஆய்வகத்தில் திசுத் துண்டுகளுக்குச் சாயமேற்றுவது என் வேலை. பால்நாளத்தின் உள்ளே புற்றுச் செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். வெளி விளிம்பில், நாளத்தைச் சூழ்ந்து நிற்கும் மையோஎபிதீலியல் செல்களின் உட்கருக்கள் பழுப்புப் புள்ளிகளாக வரிசை கட்டியிருக்கும். அந்த வரிசை அறுபடாமல் இருந்தால், நோய் அங்கே நாளத்தைத் தாண்டவில்லை என்று மருத்துவர் எழுதுவார். தாய்ப்பாலை வெளியே தள்ளுவதும் இதே செல்கள்தான்.

இவை வெறும் சுவரும் அல்ல. 2018-இல் வெளியான ஆய்வொன்றில், ஆய்வகத்தில் வளர்த்த எலித் திசுவில், தப்பியோடிய செல்களை இவை எட்டிப் பிடித்து உள்ளே இழுத்தது பதிவானது. இதையும் எழுதுங்கள்.

— ஆய்வகப் பணியாளர் ஒருவர்