ராமநாதபுரத்து மனநலக் குழுவுக்கு ஒரு மாணவியின் நன்றி மடல்

அன்புள்ள மேடம், செவிலியர் அக்கா, ஓபி சீட்டு பதியும் அண்ணன், சிறப்புப் பள்ளி டீச்சர், அப்புறம் என்னை நம்பி எதிரே உட்கார்ந்து பேசிய குடும்பங்கள், எல்லாருக்கும் வணக்கம்.

எம்.எஸ்சி. உளவியல் தேர்வு முடிவு வந்துவிட்டது. நல்லபடியாகத் தேறிவிட்டேன். உங்களில் பலரிடம் நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் நீங்கள் செய்யும் வேலை நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் இதை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். நோயாளிகளைப் பற்றி வரும் இடங்களில் எனக்குப் பயிற்சி தந்த மேடத்திடம் கேட்டு, ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் நன்றி அம்மாவுக்கும் அப்பாவுக்கும். உளவியல் எடுக்கிறேன் என்றதும் எங்கள் வீட்டில் பயந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் பிணைத்திருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது அது. இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால் அம்மா குரலைத் தாழ்த்திவிடுவார். அப்படிப்பட்ட அம்மாதான், "அந்த மாதிரி சனங்களைப் பாக்கத்தான் படிக்கிறேன்னா, படி" என்று கல்லூரிக் கட்டணத்துக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்தார்.

பயிற்சிக்கு இடம் தேடிய நாட்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பணம் கட்டினால் போதும், ஆன்லைனில் சில மணி நேரம் உட்கார்ந்தால் சான்றிதழ் அனுப்பிவிடுகிறோம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். உளவியல் மாணவர்களிடம் இப்படிக் காசு பறிப்பது எனக்கு இன்னும் ஆறாத கோபம். மாவட்ட மனநலத் திட்டக் குழுவில், ஒரு பைசா வாங்காமல், "காலையில ஒன்பது மணிக்கு வந்துருங்க. நோட்டு மட்டும் கொண்டு வாங்க" என்று மேடம் சொன்னபோது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அவருக்கே தெரியாது.

இந்தத் திட்டத்தைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. மத்திய அரசு இதை 1996-ல் தொடங்கியது. மனநோய் என்றால் சென்னைக்கோ மதுரைக்கோதான் ஓட வேண்டும் என்ற நிலையை மாற்றி, சிகிச்சையை மாவட்டத்துக்குள்ளேயே கொண்டுவருவதுதான் நோக்கம். மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் எல்லாரும் ஒரே குழுவாகத் தாலுகா மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள். ஊர் ஊராகப் போகும் அந்த ஜீப்பில் பின்சீட்டில் உட்கார்ந்துதான் நான் தொழில் கற்றேன்.

கமுதிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக வந்திருந்தான். ஏழு வயது. பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்க உதவும் செகுவின் பலகையை எடுத்து வைத்தேன். வட்டம், நட்சத்திரம், சிலுவை என்று பத்து வடிவக் குழிகள் கொண்ட மரப்பலகை அது. கட்டைகளை அதனதன் குழியில் பொருத்த வேண்டும். மூன்று முறை செய்யச் சொல்லி, அதில் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்வார்கள். நான் ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்ததும் மேடம் நிறுத்தச் சொன்னார். பையனின் அம்மாவிடம், "எத்தனை மணி பஸ்சுக்குக் கிளம்புனீங்க? பிள்ளை சாப்பிட்டானா?" என்று கேட்டார். விடியற்காலை பஸ். வழியில் ஒரு டீ மட்டும்தான். மேடம் அவர்களை வெளியே அனுப்பி இட்லி சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். வந்ததும் பலகையை உடனே நீட்டவில்லை. கட்டைகளை அவன் கையில் கொடுத்து விளையாட விட்டார். அவன் நட்சத்திரக் கட்டையைக் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தான். அதன் பிறகுதான் நேரம் பார்த்தோம். பேருந்துச் சலுகை, உதவித்தொகை, பள்ளியில் சேர்க்கை என அந்தக் குடும்பத்துக்கு எத்தனையோ விஷயம் அந்தத் தாளில் எழுதும் எண்ணைப் பொறுத்திருக்கிறது. பசியோடு இருக்கும் பிள்ளையிடம் எடுத்த எண்ணை அதில் எழுதக்கூடாது என்று மேடம் எனக்கு வாயால் சொல்லவே இல்லை. செய்துகாட்டினார். மேடம், அந்த ஒரு காலைக்கே நான் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

செவிலியர் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தற்கொலைக்கு முயன்று பிழைத்த ஒரு பெண்ணை வார்டிலிருந்து எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். அண்ணன்காரர் வாயே திறக்கவில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம். அக்கா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, 2017-ம் வருடத்து மனநலச் சட்டப்படி இப்படி முயன்றவர்களைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர்களாகத்தான் பார்க்க வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை கொடுக்க வேண்டியது அரசின் பொறுப்பு என்று பொறுமையாக விளக்கினார். "உன் தங்கச்சி ஒண்ணும் குத்தவாளி இல்லப்பா" என்று அவர் சொன்னதும் அந்த மனிதர் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் வீட்டில் நடந்ததெல்லாம் வெளியே வந்தது. ஊருக்குக் கிளம்பும் முன் அக்கா 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அந்தப் பெண்ணின் செல்போனிலேயே பதிந்து கொடுத்தார். எந்த நேரமும் கூப்பிடலாம், காசில்லை, தமிழிலேயே பேசுவார்கள். படிக்கிறவர்களும் அந்த எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்.

ஏர்வாடிக்கும் என்னைக் கூட்டிப்போனீர்கள். தர்காவுக்கு வருகிறவர்கள் துஆவையும் (இறைவேண்டல்) விடாமல் மாத்திரையையும் விடாமல் இருக்க அங்கே ஏற்பாடு இருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். தன் மகனோடு வந்திருந்த ஒரு வாப்பா, மாத்திரைச் சீட்டைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி, "ரெண்டும் வேணும்மா" என்றார். அவர் நம்பிக்கையை யாரும் கேள்வி கேட்கவில்லை. அவரும் மகனின் ஊசி தேதியைத் தவறவிடுவதில்லை என்று அக்கா சொன்னார். அம்மா பயந்த ஊரிலேயே இப்படியொரு காட்சியைப் பார்க்க வைத்ததற்குக் குழுவில் ஒவ்வொருவருக்கும் நன்றி.

சிறப்புப் பள்ளி டீச்சர், பல் துலக்குவதை எத்தனை சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்த தாள் இன்னும் என் நோட்டில் இருக்கிறது. ஓபி அண்ணன், கூட்டத்தில் அழுதுகொண்டு நிற்பவர்களைச் சத்தமில்லாமல் முன்னால் அனுப்புவீர்களே, அதையும் கவனித்தேன்.

சரி, இனி என்ன என்று எல்லாரும் கேட்கிறீர்கள். எம்.எஸ்சி. மட்டும் இருந்தால் நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைக்க முடியாது. இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த படிப்பை முடித்து, அங்கே பதிவு செய்ய வேண்டும். இடங்கள் குறைவு, போட்டி அதிகம். அந்தப் படிப்பு பெரும்பாலும் எம்.ஃபில். ஆகத்தான் இருந்தது. எம்.ஃபில். படிப்புகள் நாடு முழுக்க நிறுத்தப்பட்டபோதும் எங்கள் துறைக்கு 2025-26 வரை விலக்குக் கொடுத்தார்கள். இப்போது பாடத்திட்டங்கள் மாறிவருகின்றன. எந்தப் பெயரில் அந்தப் படிப்பு வந்தாலும் சேர்வேன். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் இடம் கிடைத்தால் சந்தோஷம். எங்கே படித்தாலும் திரும்பி வரப்போவது முதுகுளத்தூர், கமுதி மாதிரி ஒரு தாலுகா மருத்துவமனைக்குத்தான். வெளியூரில் கிளினிக் போட்டால் வருமானம் கூட வரும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அங்கே போக ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விடியற்காலை பஸ் பிடித்து வருகிற அம்மாக்களுக்கு அவர்கள் தாலுகாவிலேயே வாரம் முழுக்க ஒரு உளவியலாளர் இருக்க வேண்டும். அந்த நாற்காலியில் நான் உட்கார வேண்டும்.

மேடம், நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். நேர்முகத் தேர்வுக்கு முன்னால் ஒருநாள் வந்து உங்களிடம் கேஸ் சொல்லிப் பார்க்க வேண்டும். வழக்கம்போல நடுவில் நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் பயிற்சி மாணவி