பாஸ்போர்ட் இல்லாதவரின் கட்டடங்கள்: ஹூடெக்குக்கு ஒரு கடிதம்

மதிப்புக்குரிய லாஸ்லோ ஹூடெக் அவர்களுக்கு,

ஷாங்காயில் கட்டடங்கள் எழுப்பிய ஹங்கேரியக் கட்டடக்கலைஞரான உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சைபீரியாவில்தான் ஆரம்பிக்கிறார்கள். புடாபெஸ்டில் 1914-ல் படிப்பு முடிந்த கையோடு முதல் உலகப் போர், 1916-ல் ரஷ்யர்களிடம் கைதி, கபரோவ்ஸ்க் முகாம், அங்கிருந்து தப்பி 1918-ல் ஷாங்காய். சினிமாவுக்கு ஏற்ற கதைதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு உங்கள் பாஸ்போர்ட் விவகாரம்தான் பெரிதாகப் படுகிறது.

அன்றைய ஷாங்காயில் பிரிட்டிஷ்காரர் மீதோ அமெரிக்கர் மீதோ சீன நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. அவரவர் நாட்டு நீதிமன்றம்தான் விசாரிக்கும். 1917-ல் சீனா ஆஸ்திரியா-ஹங்கேரி மீது போர் அறிவித்ததும் உங்கள் ஆட்களுக்கு அந்தச் சலுகை போயிற்று. போர் முடிந்து 1920-ல் போட்ட ஒப்பந்தத்தில் நீங்கள் பிறந்த ஊரே செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போய்விட்டது. வெள்ளைக்காரர்தான், ஆனால் பின்னால் நிற்க ஒரு நாடு இல்லை.

ஆர். ஏ. கரி என்ற அமெரிக்கரின் அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தீர்கள். கப்பலின் முகப்பைப் போல மூலையில் கூர்த்து நிற்கும் நார்மண்டி அபார்ட்மெண்ட்ஸ் அங்கே இருந்தபோது செய்தது. 1925-ல் தனிக்கடை. சீன முதலாளிகள் உங்களைத் தேடி வந்ததற்குத் திறமை மட்டும் காரணமாக இருந்திருக்காது என்பது என் கணக்கு. வேலை கெட்டுப்போனால் இந்த ஆளைச் சீனக் கோர்ட்டுக்கு இழுக்கலாமே! காசு போட்டுக் கட்டுகிறவருக்கு அது சின்ன விஷயமா?

பார்க் ஹோட்டலும் அப்படிச் சீன வங்கிகள் சேர்ந்து கொடுத்த வேலைதான். குதிரைப் பந்தய மைதானத்துக்கு எதிரே 22 மாடி, ஏறக்குறைய 84 மீட்டர். 1934-ல் திறந்தபோது ஆசியாவிலேயே உயரமான கட்டடம். ஷாங்காயில் 1983 வரை அதை மிஞ்ச ஆளில்லை. அங்குள்ள மண்ணோ ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல், சொதசொதவென்று இருக்கும். அதில் நீளமான மரத்தூண்களை அடித்து இறக்கி, மேலே கான்கிரீட் மேடை போட்டு, அதன்மேல் இவ்வளவு உயரத்தை ஏற்றினீர்கள். அடுத்த தடவை யாராவது என்னிடம் 'மண் சரியில்லை சார்' என்று கையை விரித்தால் உங்கள் பெயரைத்தான் சொல்லப் போகிறேன்.

உங்களுக்கென்று ஒரு பாணி இல்லை என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. 1931-ல் கோதிக் சாயலில் செங்கல் தேவாலயம், 1938-ல் வளைவு வளைவாகப் பச்சை ஓடு பதித்த வூ குடும்பத்து வீடு. இரண்டையும் ஒரே கை வரைந்தது என்று சொன்னால் நம்பக் கஷ்டம்தான். சரி, பிடிவாதம் பிடிக்க ஊரில் சொந்தபந்தம் வேண்டாமா? பிழைக்க வந்தவர் கேட்டதை வரைந்தார். நன்றாகவும் வரைந்தார்.

1947-ல் ஷாங்காயை விட்டுக் கிளம்பினீர்கள். ஐரோப்பாவில் சில காலம், பிறகு 1948-ல் அமெரிக்கா. பெர்க்லியில் பாடம் நடத்தினீர்கள், 1958-ல் அங்கேயே காலமானீர்கள். கோபுரம் எதுவும் அங்கே எழுப்பவில்லை.

முன்பு, பார்க் ஹோட்டல் மாடி மாடியாக ஏறுவதை ஷாங்காயில் ஒரு பையன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். 1935-ல், 18 வயதில், கட்டடக்கலை படிக்கிறேன் என்று அவனும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினான். பெயர் ஐ. எம். பெய், பின்னாளில் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடை வடிவமைத்தவர். நீங்கள் அமெரிக்கா போய்ச் சேர்ந்த அதே 1948-ல் அவர் நியூயார்க்கில் வேலைக்குச் சேர்ந்தார்.

அன்புடன்,
மண் பரிசோதனை அறிக்கைகளோடு மல்லுக்கட்டும் ஒரு வாசகன்