பீப்பாயின் மேல் எழுதிய ஆண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த தெற்கு ஸ்பெயின் பயணக் கட்டுரையைப் படித்தேன். ஹெரெஸ் நகரில் ஷெர்ரி ஒயின் முதிரவைக்கும் பொதேகா ஒன்றுக்கு ஒருநாள் பயணமாகப் போய்வந்ததைக் கட்டுரையாளர் சுவைபட எழுதியிருக்கிறார். ஆனால், அங்கிருந்த பீப்பாய்களின் முகப்பில் பழைய ஆண்டுகள் எழுதப்பட்டிருந்ததைச் சொல்லி, நூற்றைம்பது ஆண்டுப் பழைய ஒயினைத் தாம் ருசித்ததாக அவர் எழுதியிருப்பது பிழையாகும். சென்ற ஆண்டு அதே ஊருக்குப் போய்வந்தவன் என்ற முறையிலும், பள்ளியில் முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். எனக்கு மதுப் பழக்கம் இல்லை. ஆகவே ஒயினின் ருசியைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. கணக்கைப் பற்றிச் சொல்லலாம்.

கட்டுரையாளரை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. என் மகள் வேலை பார்க்கும் செவியா நகரிலிருந்து நாங்கள் மூவரும் ஒரு பயண நிறுவனத்தின் பேருந்தில் சென்றபோது, அதன் வழிகாட்டியும் ஒலிபெருக்கியில் இதே கதையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். திராட்சைத் தோட்டத்தில் அரை மணி நேரம் நடக்கலாம் என்று அவர்கள் கொடுத்த தாளில் அச்சிட்டிருந்தது. தோட்டம் பேருந்தின் கண்ணாடி வழியாகவே முடிந்துபோயிற்று. பொதேகாவுக்குள் ஒரு மணி நேரம், அதன் விற்பனைக் கூடத்தில் முக்கால் மணி நேரம் என்று பொழுதைப் பிரித்திருந்த விதத்திலிருந்தே அவர்களுடைய அக்கறை எதில் இருந்தது என்பது விளங்கியது. நல்லவேளையாக, உள்ளே சுற்றிக்காட்ட வந்தவர் பொதேகாவின் சொந்த ஊழியர். ஐம்பது வயது மதிக்கத்தக்க அந்த அம்மையார் கேள்வி கேட்டால் மகிழ்கிறவர். அவர் ஸ்பானிய மொழியில் சொன்னதை என் மகள் தமிழில் சொல்லச் சொல்ல, பேருந்தில் கேட்டவை ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

கண்ணாடி வழியே பார்த்த நிலமும் மறக்கக்கூடியதாக இல்லை. மேட்டு நிலமெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. அல்பரிஸா என்று அங்கே சொல்லும் அந்தச் சுண்ணாம்பு மண், குளிர்கால மழையைக் குடித்துவைத்துக்கொண்டு, கோடையில் மேலே ஓடுபோல் இறுகி, உள்ளே உள்ள ஈரத்தைக் காப்பாற்றுகிறது. அறுவடை முடிந்ததும் கொடி வரிசைகளுக்கு நடுவே சிறு சிறு பாத்திகளாக மண்ணை அணைத்து, சரிவில் மழைநீர் ஓடிவிடாமல் தேக்குகிறார்களாம். அங்கே விளைவதில் பெரும்பங்கு பலோமினோ என்னும் வெள்ளைத் திராட்சை. ஹெரெஸ், சான்லூகார், எல் புவெர்தோ தெ சாந்தா மரியா ஆகிய மூன்று ஊர்களுக்கு இடைப்பட்ட வட்டாரமே இத்தொழிலின் தாயகம். ஷெர்ரி என்ற பெயரும் ஊர்ப்பெயர்தான். அராபியர் ஆட்சியில் ‘ஷெரீஷ்’ என்று வழங்கிய ஹெரெஸின் பெயர் ஆங்கிலேயர் வாயில் அப்படித் திரிந்தது.

பொதேகா என்றதும் நிலவறை ஒன்றுக்குள் இறங்கப்போகிறோம் என்று எண்ணியிருந்தேன். கட்டடம் முழுவதும் தரைக்கு மேலேதான் இருந்தது. கோயில் மண்டபம்போல் உயர்ந்த கூரை, தடித்த வெள்ளைச் சுவர்கள், வெகு உயரத்தில் சன்னல்கள், அவற்றை மறைத்துப் புல்லால் முடைந்த தட்டிகள். வெளியே ஆகஸ்ட் வெயில் கொளுத்தியது. உள்ளே நுழைந்ததும் நனைந்த மண்ணின் வாசனை. தரையில் பரப்பியிருந்த மஞ்சள் மணலில் அன்று காலையில்தான் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரமான மேல்காற்று உள்ளே வரவேண்டும், கிழக்கிலிருந்து வரும் வறண்ட அனல்காற்று வரக்கூடாது என்று பார்த்துத்தான் கட்டடத்தின் திசையையே தீர்மானித்திருக்கிறார்கள். இவ்வளவு பாடும் எதற்காக என்பது அடுத்து அவர் காட்டிய பீப்பாயில் தெரிந்தது.

அந்தப் பீப்பாயின் முகப்பு மரத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடி பொருத்தியிருந்தார்கள். உள்ளே ஒயினின் மேல், ஆறிய பாலில் படியும் ஆடைபோல், ஆங்காங்கே சுருக்கம் விழுந்த ஒரு வெளிர்மஞ்சள் படலம் மிதந்தது. அது உயிருள்ள ஈஸ்ட். அதற்கு ஸ்பானிய மொழியில் ஃப்ளோர், அதாவது பூ என்று பெயர். ஊறுகாய் ஜாடியைத் திறந்துபார்த்து ‘பூத்துவிட்டது’ என்று நம் வீடுகளில் சொல்வதை என் மனைவிதான் நினைவுபடுத்தினார். நாம் வழித்து எறிவதை அவர்கள் மணலுக்குத் தண்ணீர் தெளித்து வளர்க்கிறார்கள். திராட்சையிலிருந்து வடித்த சாராயத்தைச் சேர்த்து ஒயினின் ஆல்கஹாலை 15 சதவீதம் அளவில் நிறுத்தினால் இந்தப் படலம் செழித்து, காற்றுப் படாமல் ஒயினைக் காத்து, ஃபினோ என்னும் வெளிறிய வகையைத் தருகிறது. 17 சதவீதத்துக்கும் மேலே ஏற்றிவிட்டால் ஈஸ்ட் பிழைக்காது. ஒயின் காற்றுப் பட்டுப் பழுப்பேறி ஒலோரோசோ ஆகிறது. ஏறத்தாழ 600 லிட்டர் கொள்ளும் பீப்பாயில் 500 லிட்டர் மட்டும் ஊற்றி மேலே இடம் விட்டுவைப்பதும் படலம் படர்வதற்காகத்தான்.

இப்போது ஆண்டுக் கணக்குக்கு வருகிறேன். பீப்பாய்களை மூன்று நான்கு அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கிறார்கள். தரையை ஒட்டிய அடுக்குக்குச் சொலேரா என்று பெயர். தரையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மேலே உள்ளவை கிரியாதேரா. நம் மொழியில் நாற்றங்கால் என்று சொன்னால் பொருந்தும். விற்பனைக்கு எடுப்பது கீழ் அடுக்கிலிருந்து மட்டுமே; எடுத்த அளவை அதற்கு மேலடுக்கிலிருந்தும், அந்தக் குறையை அதற்கும் மேலடுக்கிலிருந்தும் இட்டு நிரப்பி, உச்சி அடுக்கில்தான் புது ஒயினைச் சேர்க்கிறார்கள். எந்தப் பீப்பாயையும் முழுதாகக் காலி செய்வதில்லை. ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதும் இல்லை. முகப்பில் எழுதியுள்ள ஆண்டு, அந்த அடுக்குவரிசையை முதன்முதலில் தொடங்கிய ஆண்டு. உள்ளே இருக்கும் ஒயின் எந்த ஆண்டு விளைந்தது என்பதை அது சொல்வதில்லை.

நம் வீட்டுத் தயிரை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் என் தாயார் ஊற்றிவைத்த உறைமோரின் வழிதான் இன்றைக்கும் எங்கள் வீட்டுத் தயிர் என்று என் மனைவி சொல்லிக்கொள்ளலாம். அதற்காக அந்தத் தயிருக்கு நாற்பது வயது என்று சொல்லி யாருக்காவது பரிமாறினால் எழுந்து ஓடிவிடுவார்கள்.

மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுவதுபோல் ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஆவியாகிப் போவதையும் மேல் அடுக்குகளையும் விட்டுவிட்டு, 500 லிட்டர் உள்ள ஒற்றைப் பீப்பாயை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பினால், பத்து ஆண்டுகள் கழித்துத் தொடக்க ஒயினில் ஏறக்குறைய 9 லிட்டர் மிஞ்சும். இருபது ஆண்டுகளில் அது 150 மில்லிலிட்டர் ஆகும். நாற்பதாவது ஆண்டில் அந்த 500 லிட்டருக்குள் பழைய ஒயின் ஒரே ஒரு சொட்டு இருக்கும். மிகப் பழைய வகைகளில் எடுக்கும் பங்கு இதைவிடக் குறைவு என்பதால் அங்கே அளவு மெல்ல இறங்கும். ஆனாலும் இறங்கத்தான் செய்யும். நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய சொட்டு கட்டுரையாளரின் கோப்பைக்குள் வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இதில் ஏமாற்று ஏதும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். கேட்டால் பொதேகாக்காரர்கள் உள்ளதைச் சொல்லிவிடுகிறார்கள். ஒரே ஆண்டு விளைச்சலைக் கலப்பின்றித் தனிப் பீப்பாயில் முத்திரையிட்டு முதிரவைக்கும் ‘அன்யாதா’ என்ற வகையும் உண்டு. அதன் மேல் ஆண்டு எழுதியிருந்தால் அது விளைச்சல் ஆண்டேதான். அடுக்குமுறையில் வந்த ஒயினின் வயதை அறியவேண்டுமென்றால் பார்க்கவேண்டியது சான்று முத்திரையை. 2000ஆம் ஆண்டு முதல் அந்த வட்டாரத்தின் ஒழுங்குமுறை மன்றம், சராசரியாக 20 ஆண்டுக்கு மேற்பட்டவற்றுக்கு வி.ஓ.எஸ். என்றும், 30 ஆண்டுக்கு மேற்பட்டவற்றுக்கு வி.ஓ.ஆர்.எஸ். என்றும் சான்று தருகிறது. ருசி பார்க்கும் குழுவோடு ஆய்வகமும் சேர்ந்து சோதிக்கிறது. அகழாய்வில் எலும்பின் வயதைக் கணக்கிட உதவும் கார்பன்-14 முறை இங்கே ஒயினுக்கும் உதவுகிறது என்று கேட்டபோது, வகுப்பறையை விட்டு வந்த பிறகு எனக்குக் கிடைத்த மிக நல்ல எடுத்துக்காட்டு இது என்று தோன்றியது. 30 ஆண்டுச் சான்றோடு ஒரு லிட்டர் விற்கவேண்டுமானால், அதே வரிசையில் 30 லிட்டராவது இருப்பு வைத்திருக்கவேண்டும் என்பதும் விதி.

ருசி பார்க்கும் நேரத்தில் இளைஞர் ஒருவர், வளையக்கூடிய நீண்ட கம்பியின் நுனியில் ஒடுங்கிய சிறு குவளை பொருத்திய வெனென்சியா என்னும் கருவியைப் பீப்பாய்த் துளைக்குள் செங்குத்தாக இறக்கினார். ஒயினின் மேல் மிதக்கும் ஈஸ்ட் படலம் சிதையாமல் உள்ளே போய்வரத்தான் குவளை அவ்வளவு ஒல்லியாக இருக்கிறது. வெளியே எடுத்ததும் கையைத் தலைக்கு மேல் தூக்கி, இடுப்பருகே பிடித்திருந்த கண்ணாடிக் கிண்ணத்தில் நூல்போல் ஒழுகவிட்டார். டீ ஆற்றுகிறவர்களை நாள்தோறும் பார்த்துப் பழகிய எனக்கே கை தட்டத் தோன்றியது. கீழே ஒரு துளி சிந்தவில்லை. குடிக்காதவர்களாகிய எங்களுக்கு மாற்றாக ஒரு பழச்சாறுகூட இல்லை, கட்டணத்தில் குறைவும் இல்லை. மகள் மட்டும் ருசித்தாள். நான் கிண்ணத்தை முகர்ந்து பார்த்தேன். உடைத்த பாதாம் பருப்பும் பச்சை மாவும் கலந்த மணம்.

குடிக்காதவர்கள் ஹெரெஸுக்குப் போய் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு ஒன்று. ஒயினைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக்கருவைப் பயன்படுத்திவிட்டு, மிஞ்சிய மஞ்சள்கருவைக் கன்னிமடங்களுக்குக் கொடுத்துவிடும் வழக்கம் அங்கே இருந்திருக்கிறது. அதைச் சர்க்கரைப் பாகோடு சேர்த்து அவர்கள் செய்த தொசீனோ தெ சியேலோ என்ற இனிப்பு இன்றும் கடைகளில் கிடைக்கிறது. பெயருக்கு ‘வானத்துப் பன்றிக்கொழுப்பு’ என்று பொருள் என மகள் சொன்னதும் மனைவி தட்டைத் தள்ளிவிட்டார். பன்றியின் வாடைகூட அதில் இல்லை என்று விளக்கிய பிறகு என் பங்கும் அவருக்கே போயிற்று.

போக விரும்பும் வாசகர்கள் பேருந்துப் பயணத்தைத் தவிர்த்து, செவியாவிலிருந்து ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஹெரெஸில் இறங்கிவிடலாம். வண்ண ஓடுகள் பதித்த அந்த ரயில் நிலையமே நின்று பார்க்கத் தக்கது. பொதேகாக்கள் முன்பதிவு செய்தவர்களை நேரடியாகவே அனுமதிக்கின்றன. கோடையில் காலை நேரத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. உள்ளே போனதும் சுண்ணக்கட்டியால் பீப்பாய்களில் போட்டிருக்கும் கோடுகளைக் காட்டி என்னவென்று கேளுங்கள். எந்த ஒயின் எந்த வகையில் சேரும் என்று தரம் பிரித்தவர் போட்ட குறிகள் அவை. கேட்டாலொழிய யாரும் சொல்வதில்லை.

‘நூற்றைம்பது ஆண்டுப் பழைய ஒயின்’ என்று கட்டுரையில் வந்துள்ள இடத்தை, ‘நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வரிசையிலிருந்து எடுத்த ஒயின்’ எனத் திருத்தி அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.